ஒரு யூனிட் மின்சாரமும் அதற்குரிய நீரும்

நீர்விசையினால் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்று வினவுவோர் பெரும்பாலும் ஒரே எண்ணை விடையாக எதிர்பார்க்கின்றனர். அவ்வாறானதோர் எண் கிடையாது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். அஃதாவது, 367 டன் நீர் ஒரு மீட்டர் உயரம் இறங்குங்கால் வெளிப்படும் ஆற்றல். இந்த 367-ஐ வீழ்ச்சியின் உயரத்தால் வகுத்து, குழாய்களிலும் எந்திரங்களிலும் நேரும் இழப்புக்காகப் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை கூட்டிக்கொண்டால், எந்த நிலையத்துக்கும் கணக்குக் கிடைத்துவிடும்.

இடுக்கி நீர்த்தேக்கத்தின் நீர் குளமாவிலிருந்து மலையைக் குடைந்து சென்று, சுமார் 660 மீட்டர் கீழே மூலமற்றத்து நிலவறை மின்நிலையத்தில் விழுகின்றது. 1976-இல் தொடங்கிய இந்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு 650 முதல் 700 லிட்டர் நீரே போதும். மேட்டூர் அணையடியிலோ, தேக்கம் நிரம்பியிருக்கும்போதும் வீழ்ச்சி 50 மீட்டர் அளவே; அங்கு 8 டன்னுக்குக் குறையாத நீர் வேண்டும். நாளொன்றுக்கு 5 யூனிட் செலவிடும் வீட்டுக்கு மூலமற்றத்தில் மூன்றரை டன். மேட்டூரில் 40 டன்!

ஆனால் 'செலவு' என்னும் சொல்லே இங்குப் பொருந்துமா? ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குங்கால் 'நீர் நுகர்வு' என்றெழுத என் பேனா தயங்குவதுண்டு. நிலக்கரி எரிந்தொழிகிறது, நீரோ டர்பைனைச் சுழற்றிவிட்டு அப்படியே வெளியேறுகிறது. ஆதலின் நீர்மின் நிலையம் நீரை வீணாக்குவதில்லை என்பர் சிலர். இது பாதி உண்மையே. மூலமற்றத்தில் வெளிவரும் நீர் பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை. தொடுபுழை ஆற்றிற் கலந்து மூவாற்றுப்புழைப் படுகைக்குச் செல்கின்றது. மலங்கரை அணை அதனைத் தேக்கி வயல்களுக்கு அனுப்புகின்றது. மூவாற்றுப்புழையார்க்கு அது வரவு. செறுதோணிக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழ்வார்க்கு அஃது இழப்பே.

முல்லைப்பெரியாற்று நீரின் கதையும் இதற்கு அயலன்று. 1895 முதல் பாசனத்துக்கென வைகைப் பக்கம் திருப்பப்பட்ட நீர், லோயர் கேம்ப் மின்நிலையம் எழுந்தபின் இறங்கும் வழியில் மின்சாரமும் தரலாயிற்று. அதற்காகக் கேரளத்துக்குத் தொகை செலுத்த 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை வகைசெய்தது. அதே நீர் திருப்பப்படாதிருப்பின் இடுக்கியில் மின்சாரமாகியிருக்கும்.

நேரமும் கணக்கில் வரவேண்டும். மின்சாரத் தேவை மாலையில் உச்சமடைகிறது. நெற்பயிர் கடிகாரம் பார்ப்பதில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் மணக்கடவில் கேரளத்துக்குச் சேரவேண்டிய 725 கோடி கன அடி, பாலக்காட்டுச் சித்தூர் உழவர்க்கு வெறும் ஆண்டுத்தொகையன்று. எந்த வாரத்தில் வருகின்றது என்பதே அவர்க்குக் கேள்வி. ஆழியாறு மின்நிலையத்துக்குக் கீழே ஆழியாறு அணை இருப்பதால், மின்சாரத்துக்காக விட்ட நீரைப் பிடித்துவைத்துப் பயிருக்கு வேண்டும்போது திறக்க இயலுகிறது. இத்தகைய அடித்தேக்கத்தை உபரிச் செலவென்று திட்டமிடுவோர் கருதலாகாது.

மூலமற்றத்தின் 780 மெகாவாட்டோடு மேலும் 800 மெகாவாட் சேர்க்கும் திட்டம் முன்மொழியப்பட்டுள்ளது. புதிய எந்திரங்கள் மழையைக் கூட்டா; உள்ள நீரையே விரைந்து இறக்கும். இப்போது ஆறு எந்திரங்களும் முழுவிசையில் ஓடினால் நொடிக்கு 140 கன மீட்டருக்கு மேல் நீர் வெளியேறுகிறது. அது இரட்டிக்குமாயின் மலங்கரை அதனைத் தாங்குமா, கீழ்க்கரை ஊர்கள் தாங்குமா என்பதை, எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதற்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.