கரும்பலகை மூலையில் ஒரு செய்தி

சாயங்காலம் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு ஓடி வரும் குழந்தையிடம், "இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை" என்று பதில் வரும். நம்பிவிடாதீர்கள்! தோசையின் இரண்டாவது விள்ளல் உள்ளே போனதும் விசேஷங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. பக்கத்துப் பையன் கடன் வாங்கிய ரப்பரைத் திருப்பித் தரவில்லை. சமையல் கூடத்துக்குப் பின்னால் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றுக்கு வால் மட்டும் கறுப்பு. பெரிய டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சத்தமே வரவில்லை. ஆகையால் இன்று எல்லோருக்கும் பரம சந்தோஷம்!

காலையில் கூட்டு வழிபாட்டின்போது, தமிழ்த்தாய் வாழ்த்தும் திருக்குறளும் ஆன பிறகு, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்திரிகையைப் பார்த்து உலகச் செய்திகளை வாசிப்பது பல பள்ளிகளில் வழக்கம். சின்ன வகுப்புக் குழந்தைகள் கை கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்பார்கள். அவர்களுடைய மனசு என்னவோ பூனைக்குட்டியிடம்தான் இருக்கும்.

ஆனால், குழந்தைகளும் கவனிக்காத செய்தி ஒன்று தினந்தோறும் வகுப்பிலேயே பிரசுரமாகிறது. நம்மூர் ஆரம்பப் பள்ளி எதற்குள்ளும் நுழைந்து கரும்பலகையின் மூலையைப் பாருங்கள். தேதி, வகுப்பு, பாடம். அதற்குக் கீழே இரண்டு வரி. 'பதிவு 28. வருகை 25.'

இப்படி எழுதியிருந்த ஒரு வகுப்பில், "மீதி மூன்று பேர் எங்கே?" என்று டீச்சரிடம் விசாரித்தேன்.

"ஒருவனுக்கு ஜுரம். ஒருத்தி கோவில் திருவிழா என்று ஊருக்குப் போயிருக்கிறாள். மூன்றாவது..." என்று இழுத்தார் டீச்சர். "அது இன்றைக்கு அம்மாவுடன் வேலைக்குப் போயிருக்கும்."

"ஏழு வயசுக் குழந்தை வேலைக்கா?"

"வேலை செய்யவில்லை, அம்மா. கூடப் போகிறது, அவ்வளவுதான். வீட்டில் தனியாக விட முடியாதல்லவா?"

அந்த மூன்றாவது குழந்தையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுடன் பேசப் போகிறேன்.

வராத குழந்தையைப் பற்றிய கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. பசித்த வயிறு பள்ளிக்கூடத்துக்கு வராது என்று கண்டு, 1920-ஆம் வருஷமே, பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலுள்ள தன் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. குழந்தை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுபோனார். சர்க்கார் பணத்தோடு ஊர் மக்களின் பங்கும் அதில் சேர்ந்தது. 1982 ஜூலை முதல் தேதி எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, குழந்தைகளுக்குச் சோறு கிடைத்ததோடு, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று உத்தியோகமும் கிடைத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அதில் முன்னுரிமை. பிற்பாடு முட்டை சேர்ந்தது. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம்.

அப்படியும் ஓர் ஓட்டை இருந்தது. மத்தியானம் வரை வயிறு காத்திருக்குமா? 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சி ஆரம்பப் பள்ளியில், முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாம்பார். அடுத்த வருஷமே அது மாநிலம் முழுவதும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது.

இந்தக் காலைச் சாப்பாட்டின் அருமை நகரத்து வீடுகளில் இருக்கும் நமக்குத்தான் முக்கியமாகத் தெரிய வேண்டும். ஏன் என்கிறீர்களா? ஏழு மணிக்கு நம் வீட்டில் இட்லிப் பானை கொதிக்கிறது. அந்த நேரத்தில் நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வந்துவிட்டவளின் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது? நம் குழந்தை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அவளை விடியற்காலையில் வரச் சொல்கிறோம். அவள் குழந்தை எப்போது போகிறது, யார் கையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சில நாள் அந்தக் குழந்தை அவளுடனேயே நம் வீட்டுக்கு வந்துவிடும். கொல்லைப்புறத்துப் படியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நாமும் கல்நெஞ்சக்காரிகள் அல்லவே! இரண்டு பிஸ்கட் கொடுக்கிறோம். "உன் பெயர் என்ன?" என்று விசாரிக்கிறோம். "கொஞ்சம் அந்தப் பூவைப் பறித்துக் கொடேன்" என்கிறோம். அது பறித்துக் கொடுக்கிறது. "எத்தனை கெட்டிக்காரக் குழந்தை!" என்று மெச்சிக்கொள்கிறோம். அன்று செவ்வாய்க்கிழமை, மணி பத்து என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. எங்கேயோ ஒரு கரும்பலகையில் 28-க்கு 25 என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கணக்கில் ஒன்று நம் வீட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்திருக்கிறது.

"ஸ்கூலுக்குப் போகவில்லையா?" என்று கேட்டால் தாயார் ஏதாவது காரணம் சொல்வாள். பெரும்பாலும் அது உண்மையான காரணமாகவே இருக்கும். அதற்கு என்ன பதில் என்று நாம் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

"ஊருக்குப் போய் வந்தோம், நடு வருஷத்தில் சேர்க்க மாட்டார்களாம்" என்பாள். அது தப்பு. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி தொடங்கிக் காலம் கடந்து வந்தாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "பிறந்த சர்ட்டிபிகேட் இல்லை" என்பாள். அதற்காக இடம் மறுக்கக்கூடாது. "பழைய பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வரவில்லை" என்பாள். அது வரத் தாமதமானாலும் சேர்ப்பதைத் தள்ளிப் போடக்கூடாது. "இரண்டு வருஷம் படிப்பு விட்டுப்போச்சு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுகிறது" என்பாள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இன்னொன்றும் அவளிடம் சொல்லலாம். அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குடிக்கத் தண்ணீர் வருகிறதா, பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, நூலகத்தில் கதைப் புத்தகம் இருக்கிறதா, வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்றெல்லாம் கேட்க அவளுக்குப் பூரண உரிமை இருக்கிறது. ஆனால், "இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங், சாயங்கால வேலைக்கு வர முடியாது, அம்மா" என்று அவள் சொல்லும்போது, "மீட்டிங்கா? உனக்கா?" என்று நாம் புருவத்தை உயர்த்தினால் அந்த உரிமை எங்கே போகும்? நம் வீட்டு எச்சில் பாத்திரத்தோடு தொட்டியில் கிடக்கும்!

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பணம் காசு அல்ல. காலையில் அரை மணி நேரம். "குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அது சாப்பிட உட்கார்ந்த பிறகு வா. அதுவரைக்கும் பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அவசரமான காலை வேளையில் அரை மணி என்பது லேசான காரியம் இல்லை, எனக்கும் தெரியும். காபி டம்ளரை நாமே கழுவ வேண்டி வரும். வீட்டுக்காரர் கூட ஒரு கை கொடுக்கலாம். கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

நாளைக்கு அந்தக் குழந்தை உங்கள் கொல்லைப்படியில் இல்லாவிட்டால், பூப்பறிக்க ஆள் இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பூனைக்குட்டிகளைப் பார்க்கிற வேலை இருக்கிறது.