மரபணுவும் தலையெழுத்தா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், பீர்க்கன்கரணைப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தைக் கண்ட பிள்ளை பிறகு மழைச் சத்தத்திற்கே நடுங்குமானால், "காத்து கருப்பு" என்று தாயத்துக் கட்டுகின்றார்கள். மூளையின் அமிக்டலா என்னும் பகுதி, சத்தத்தையும் ஆபத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டதே இப்பயம். பேய்க்கு இதில் வேலை என்ன என்று கேட்கின்றோம்.

படித்தவர்களோ, "எல்லாம் பிறவி மரபணு" என்கின்றார்கள். இது தலையெழுத்துக்கு இட்ட புதுப் பெயரேயாகும். மன அழுத்த ஹார்மோனின் வேலையை அடக்கியாளும் எஃப்.கே.பி.பி.5 என்னும் மரபணுவைப் பற்றி 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி கண்டது யாதெனில், அதன் சில வகைகள் தாமாகவே அதிர்ச்சி நோய்க்குறிகளைக் கூட்டவில்லை; சிறு வயதில் கொடுமைக்குள்ளானவர்களிடத்திலேயே கூட்டின என்பதாகும்.

தோழர்களே! மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பிறக்க யாராலும் ஆகாது. பிரம்பை ஒடித்தெறிய எவராலும் ஆகும். கற்ற பயத்தைத் தக்க வைத்தியத்தால் தணிக்கவும் கூடும். தாயத்துக் காசை வைத்தியத்திற்குச் செலவிடுங்கள்!