கொல்லிமலை பற்றிய தகவலை போனிலேயே திருத்த முடியுமா? ‘எடிட்’ திரை முடிவு செய்யும் விஷயம்!

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏறுவதற்கு முன்பே நாம் எல்லோரும் செய்யும் வேலை, கொல்லிமலையை போனில் தேடுவது. ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழா என எல்லாத் தகவலும் வந்து விழும். சரி, அதில் ஒன்று தப்பா இருந்தா? செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ இருக்கும் ஒருவரால் அதைத் திருத்த முடியுமா?

திரைக்குப் பின்னால் என்ன இருக்கு?

நீங்கள் படிக்கும் பெரும்பாலான இணையப் பக்கங்களுக்குப் பின்னால், எழுதவும் திருத்தவும் தனியாக ஒரு திரை இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருள்தான் சி.எம்.எஸ். எனப்படும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. நாமக்கல் மாவட்ட அரசு இணையதளம், தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ தளத்தில் இயங்குகிறது. அங்கே திருத்தும் உரிமை அதிகாரிகளுக்கு மட்டும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாக யாரும் திருத்தலாம். ஆனா, அனுமதி இருந்தா மட்டும் போதுமா?

போனில் எங்கே சிக்கல்?

கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக் குறியீட்டுத் திரையில் திறந்தால், பல கட்டுரைகளில் முதலில் வருவது அந்தப் பத்தி அல்ல. தகவல் பெட்டிக்கான அடைப்புக்குறிகளும் குறியீடுகளும்தான். கீபோர்டு மேலே வந்ததும் பாதித் திரை போய்விடும். மிச்சம் இருக்கும் இடத்தில் நம்ம வரியைத் தேட வேண்டும். “எதையாவது கெடுத்துடுவோமோ” என்ற பயத்திலேயே பலர் மூடிவிடுவார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எடிட்’ என்பதற்கு விக்கியில் இருக்கும் சொல் ‘தொகு’. பேச்சுவழக்கில் தொகுப்பது என்றால் சேர்த்து வைப்பது. அங்கே திருத்தலாம் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? ‘சேவ்’ என்ற சின்னச் சொல் ‘மாற்றங்களைச் சேமி’ என்று நீளும்போது, ஆங்கிலத்தை மனதில் வைத்து வரைந்த பட்டனில் அது அடங்குவதும் கஷ்டம்.

பெரியவர்களும் சறுக்கிய இடம்

இதைச் சரிசெய்ய விக்கிமீடியா முயன்றது. படிக்கும் பக்கம் போலவே தெரியும் ‘விஷுவல் எடிட்டரை’ 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் திறந்தது. வேகம் குறைவு, பிழைகள் அதிகம் என்று பழைய பங்களிப்பாளர்கள் கொதித்தார்கள். செப்டம்பரிலேயே ‘விரும்பினால் மட்டும்’ என்று மாறியது.

வேர்ட்பிரஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2018 டிசம்பர் 6-ல் வந்த 5.0 பதிப்பு, ஒரே பெட்டியில் எழுதும் முறையை விட்டு, பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனி ‘பிளாக்’ ஆக்கியது. பிடிக்காதவர்கள் பழைய திரையைத் திரும்பக் கொண்டுவரும் ‘கிளாசிக் எடிட்டர்’ செருகுநிரலுக்கு ஓடினார்கள். அதைப் பயன்படுத்தும் தளங்கள் பல லட்சம். பழகியவருக்கு வசதியான திரை புதியவருக்குச் சுவர். புதியவருக்காக மாற்றினால் பழகியவருக்குக் கோபம். இரண்டு திரைகளையும் வைத்துக்கொள்வதே நடைமுறைத் தீர்வாக நிலைத்திருக்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

போன் திரைக்கு மூன்று விஷயங்கள் அவசியம். தொட்ட வரியே முதலில் திறக்க வேண்டும். சேமிக்கும் பட்டன் கீபோர்டுக்கு அடியில் ஒளியக் கூடாது. ‘தப்பானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்’ என்பது கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

நான்காவதாக, ஆதாரம் சேர்க்கும் வழி. விக்கிப்பீடியாவில் “எனக்குத் தெரியும்” என்பது செல்லாது. புதியவர் எழுதும்போதே ஆதாரம் கேட்டு நினைவூட்டும் ‘எடிட் செக்’ வசதியை விக்கிமீடியா உருவாக்கியிருப்பது அதனால்தான்.

இதில் நமக்கு என்ன?

கொல்லிமலையின் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்கே வேலை செய்திருக்கிறது. அந்த ரகங்களைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் மலைவாழ் விவசாயிகள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருப்பது லேப்டாப் அல்ல, போன். அந்த போனில் ஒரு வரியைத் திருத்த முடியாவிட்டால், கொல்லிமலையைப் பற்றி இணையத்தில் எழுதுவது இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்களாகவே இருப்பார்கள்.