செல்லாக் காசுகளுக்காக ஒரு வார்த்தை

நம் வீடுகளில் பூஜை அலமாரியைக் கிளறினால், குங்குமச் சிமிழுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவே நாலைந்து செல்லாக் காசுகள் அகப்படாமல் போகாது. ஓட்டைக் காலணா, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், ராமர் பட்டாபிஷேகக் காசு, இன்னதென்றே தெரியாத இரண்டு செப்புத் துண்டுகள். ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மாவோ பாட்டியோ கையில் திணித்து அனுப்பியவை. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கும், செம்பூரிலிருந்து டோம்பிவிலிக்கும் நாம் வீடு மாறும்போதெல்லாம் அவையும் கூடவே மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காகப் பரிந்து பேச நம் சங்க இதழில் ஓரிரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அது ஒரு மஞ்சள் பை. அப்பிச்சிக்குக் கரூரில் பாத்திரக் கடை. அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன் துகள் தேடுகிறவர்கள், கையில் சிக்கும் பழஞ்செம்பை எடைக்குப் போட அவர் கடைக்கு வருவார்களாம். அதிலிருந்து அவர் எடுத்து வைத்தவை பதினேழு. நான் வேலைக்காக பம்பாய் ரயில் ஏறியபோது, "உருக்குனா ஒரு டம்ளருக்குக்கூடத் தேறாது, நீயே வெச்சுக்க கண்ணு" என்று அம்மாயி அந்தப் பையை என் பெட்டியில் போட்டார். முப்பது வருஷம் அதை நான் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை.

பிறகு ஒரு ஆயுத பூஜையன்று எனக்கு ஓர் அசட்டு உற்சாகம். குத்துவிளக்கு தேய்த்த புளி மிச்சம் இருந்தது. பையிலிருந்த காசுகளில் பெரிதாக, சதுரமாக இருந்த ஒன்றை எடுத்து, புளியும் உப்பும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். புது மணப்பெண் மாதிரி பளபளத்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் அலுவலக நண்பர் ஒருவர் என்னை ஒரு நாணயச் சேகரிப்பாளர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலில். குஜராத்திகள், மராட்டியர்கள், பார்சிகள், போராக்கள் என்று முப்பது பேர் இருப்பார்கள். தமிழன் நான் ஒருவன்தான். எண்பது வயதை நெருங்கிய ஒரு குஜராத்திப் பெரியவர் (எல்லோருக்கும் அவர் காகா) என் பளபளக்கும் காசை வாங்கி, நகைக்கடைத் தராசில் எடை போட்டார். லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: "இதை எதற்கப்பா குளிப்பாட்டினாய்?"

ஒரு பக்கம் குதிரையோ யானையோ நின்றதற்கான நிழல் இருந்தது. அதற்கு மேலே, ஓரத்தில், எழுத்து இருந்திருக்கக்கூடிய இடம். எழுத்து இருந்ததா, இருந்தால் என்ன எழுத்து என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டாயிரம் வருஷம் ஆறு அழிக்காமல் வைத்திருந்ததை அரைக்கால் மணி நேரத்தில் நான் அழித்துவிட்டேன். செப்புக் காசின் மேல் படியும் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கல்ல. பல காசுகளில் உருவமும் எழுத்தும் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. புளியின் அமிலம் அதைத்தான் முதலில் தின்கிறது. இது தெரியாமலே ஐம்பது வயதைக் கடந்தவன் நான்.

எழுத்து என்று காகா சொன்னதும் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று சொல்ல வேண்டும். சங்க காலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்பதிலேயே ஒரு காலத்தில் அறிஞர்களுக்கு ஐயம் இருந்தது. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவத்துக்கு மேல் தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த ஒரு சதுரச் செப்புக் காசை வெளிப்படுத்தினார். வழுதி என்றால் பாண்டியன். அதன் மறுபக்கம் மீன் சின்னம். ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்று சேரர் பெயர் பொறித்த, அரசன் தலை உள்ள வெள்ளிக் காசுகளும் பின்னர் வெளிவந்தன. அவை எங்கள் கரூர்ப் பக்கத்தவை. (சேரர் தலைநகர் வஞ்சி கரூரேதான் என்பது எங்கள் ஊர்க்காரர் கட்சி. கேரளத்து நண்பர்கள் மன்னிக்கவும்.) இவற்றை அடையாளம் கண்டவர் தொழில்முறைத் தொல்லியல் அதிகாரி அல்லர். காசு சேர்க்கிற ஆசை கொண்ட ஒரு பத்திரிகையாளர், 2021இல் மறைந்தார். கோதையும் வழுதியும் பொறித்த காசுகள் எத்தனை பாத்திரக் கடைகளில் உருகிப் போயினவோ!

அந்த ஹாலில் முதல் ஆறு மாதம் நான் வாயே திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நாசிக் மாவட்டத்து ஜோகல்தேம்பியில் 1906இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்த கதையை அங்கேதான் கேட்டேன். எல்லாம் நகபானன் என்ற சக மன்னனுடையவை. அவனை வென்ற கௌதமிபுத்திர சாதகர்ணி, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப எடுத்து, தோற்றவன் முகத்தின் மேலேயே தன் முத்திரையை அடித்துவிட்டான். போரை இதைவிடச் சுருக்கமாக யார் எழுத முடியும்?

நம் புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் 501. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. அது பகையால் அல்ல, மறுபடி காசாகச் செலவாகாமல், வெறும் தங்கமாக மட்டும் நிற்கட்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தப் புதையலில் ஒரு பகுதியை இன்று பார்க்க வேண்டுமானால் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போக வேண்டும்.

மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு இன்னொரு காசு மிக நெருக்கமானது. சாதவாகனர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் அரசன் தலையும் பிராகிருத வாசகமும், மறுபக்கம் ஒரு தென்மொழி வாசகமும் இருக்கின்றன. அதில் ‘மகன்’ என்ற சொல்லும் ‘திரு’ என்ற சொல்லும் நமக்குப் புரிகிற மாதிரியே வருகின்றன. அது தமிழ்தான் என்பாரும் உண்டு, வேறொரு திராவிட மொழி என்பாரும் உண்டு. அந்தச் சண்டையை அறிஞர்கள் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு மொழி பேசும் குடிமக்களுக்காக ஓர் அரசன் இரண்டு மொழியில் காசு அடித்தான் என்பதை, ரயில் நிலையப் பெயர்ப் பலகைக்காகச் சண்டை போடுகிற இந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, நம்மவர்கள் இத்தகைய சேகரிப்பாளர் கூட்டங்களில் சேர வேண்டும் என்பது என் கட்சி. பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுங்க வேண்டியதில்லை. ராஜராஜன் பெயர் நாகரி எழுத்தில் உள்ள செப்புக் காசை, ஒரு குடும்பம் ஓட்டலில் சிற்றுண்டி சாப்பிடும் செலவுக்குள் இன்றும் வாங்கிவிடலாம். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன். எண்ணிக்கையில் ஏராளமாகக் கிடைப்பதால்தான் விலை மலிவு. வயதுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் கற்றுக்கொண்டது இதிலிருந்துதான்.

கூட்டத்தில் சேராதவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்ட அனுமன் காசு, அரிசியைக் காந்தம் போல் இழுக்கும் என்று நம்பி, நம்மவர் ஒருவர் தன் ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியைத் தொலைத்தார். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. காகாவிடம் காட்டியிருந்தால் ஒரு கோப்பைத் தேநீர்ச் செலவோடு முடிந்திருக்கும். பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்களும் இந்த ரகம்தான். தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

இத்தனை சொன்னாலும், அந்த நண்பர்களோடு எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. காசைக் கையில் வாங்கியதும் எடையைக் கேட்கிறார்கள், உலோகத்தைக் கேட்கிறார்கள், ஏலத்தில் என்ன போகும் என்று கேட்கிறார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்பவர்கள் மூன்று பேர். காகா அந்த மூவரில் ஒருவர். கிடைத்த இடமும் ஆழமும் தெரியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. அமராவதி மணலில் அள்ளிய காசுகளின் காலத்தைப் பற்றி இன்னும் வாதம் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்று மணலில் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று ஏது? முறையான அகழாய்வில் கிடைத்த ஒரே ஒரு காசு, கூடக் கிடைக்கும் பானை ஓட்டையும் கரியையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வருகிறது.

சேகரிப்பவன் விலை கொடுப்பதால்தான் தோண்டுகிறவன் தோண்டுகிறான் என்று என் மகள் வாதிடுகிறாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதி, அப்பிச்சி எடுத்து வைக்காவிட்டால் அந்தப் பதினேழும் டம்ளராகியிருக்கும். நான் கண்ட வழி இதுதான்: எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத காசை வாங்குவதில்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். இரண்டு முறை தவறியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்து, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு வயது தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அரசின் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குப் பாட்டி காசைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

பிள்ளைகளை அழைத்துப் போக விரும்புவோருக்கு மும்பைக் கோட்டைப் பகுதியில் 2004இல் திறந்த ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். திரியம்பகேசுவரம் போகிறவர்கள், வழியில் அஞ்சனேரியில் 1980இல் தொடங்கிய நாணயவியல் ஆய்வு நிறுவனம் இருப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

மீதிப் பதினாறு காசுகளை இப்போது தனித்தனி காகித உறையில் போட்டிருக்கிறேன். இரண்டில் யானையும், பின்பக்கம் வில் அம்பும் தெரிகின்றன. சேரர் காசுகள் என்று காகா சொன்னார். ஒவ்வோர் உறையின் மேலும் ‘கரூர், அமராவதி ஆறு, அப்பிச்சி கடை’ என்று எழுதியிருக்கிறேன். தேய்த்ததற்கும் ஓர் உறை உண்டு. அதில் கூடுதலாக ஒரு வரி, ‘என்னால் கெட்டது’ என்று.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம் முடிந்ததும் தராசும் லென்ஸும் கொண்டு வந்து ஹாலின் பின்பக்க மேஜையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக் காசுகளை இருக்கிறபடியே, தேய்க்காமல், கொண்டு வாருங்கள். யார் கொடுத்தது, எந்த ஊரில் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. காகாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நம் ஃபில்டர் காபி ரொம்பப் பிடிக்கும்.