சண்டை வந்தால் நல்லது!

கம்ப்யூட்டர் எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. ஒரே கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, 'கிட்' மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிட்டால் எல்லாம் சுபம். 'கான்ஃப்ளிக்ட்' என்று கத்தினால் அபசகுனம். உண்மை இதற்கு நேர் எதிர். கத்துவதை நம்பலாம். சத்தமே போடாமல் முடித்துக் கொடுத்ததைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது? மாயமெல்லாம் இல்லை. அண்ணன் கோப்பில் ஒரு வரி இருக்கிறது, தம்பி கோப்பில் இல்லை. அண்ணன் சேர்த்தாரா, தம்பி அழித்தாரா? இரண்டு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதனால் மென்பொருள் மூன்றாவதாக ஒன்றைத் தேடி எடுக்கிறது: இருவரும் பிரிவதற்கு முன்பிருந்த மூலப் பிரதி. அதில் அந்த வரி இருந்தால் தம்பி அழித்திருக்கிறார். இல்லாவிட்டால் அண்ணன் சேர்த்திருக்கிறார். ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அவர் மாற்றியதே நிற்கும். இருவரும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் அம்புக்குறிகளுக்கும் சமக்குறிகளுக்கும் நடுவே எழுதி வைத்துவிட்டு, 'நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கிவிடும். அவ்வளவுதான் கான்ஃப்ளிக்ட்!

1980-களில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்.சி.எஸ்.ஸில் வழக்கமாகக் கோப்புக்குப் பூட்டு உண்டு. ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். 1986-ல் டிக் க்ரூன் தொடங்கிய சி.வி.எஸ். அந்தக் காத்திருப்பை ஒழித்தது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதிய பிறகு, பிரிந்து எழுதிச் சேர்ப்பது தினசரிப் பிழைப்பாகிவிட்டது. பூட்டு போனது நல்லதுதான். ஆனால் கூடவே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் பழக்கமும் போய்விட்டது...

சரி, விஷயத்துக்கு வருவோம். பல்லாவரத்தில் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் ஒரு பொருள் 100 ரூபாய். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்க்க மறந்துவிட்டார்கள். அண்ணன் கவனித்து, மேலே இருக்கும் விலையையே 118 என்று மாற்றுகிறார். அதே நாளில் தம்பியும் கவனித்து, கீழே கூட்டுத்தொகையில் 18 சதவீதம் சேர்க்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. பில் 118 ரூபாய். சேர்த்தால்? மாற்றங்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் கான்ஃப்ளிக்ட் வராது. பில் மட்டும் 139 ரூபாய் 24 காசு. வரிக்கு மேல் வரி! மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பில் இருக்கும் வரி. அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி அதற்குத் தெரியாது :-)

இங்கே ஏமாந்தது யார்? அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. கவுண்டரில் நின்று 21 ரூபாய் 24 காசு அதிகம் கொடுத்தவர். கோப்பை அவர் பார்த்தது கூடக் கிடையாது.

'எதற்கெடுத்தாலும் கத்தினால் வேலை ஓடுமா?' என்பார்கள். நியாயம்தான். யாரோ இடைவெளியை மாற்றியதற்குக் கூட சில நேரம் கான்ஃப்ளிக்ட் வரும், எரிச்சல் வரும். ஆனால் அதற்கு ஆவது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, 'மோதுகிற இடத்திலெல்லாம் என் பக்கத்தையே எடுத்துக்கொள்' என்று கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்களே, அதுதான் அநியாயம். அடுத்தவர் உழைப்பைப் படிக்காமலே தூக்கி எறிவதற்குப் பெயர் இணைப்பு இல்லை.

ஏடுகளை ஒப்பிட்டு 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டாரே உ.வே.சா., அவர் கையில் மூலப் பிரதி இல்லை. கிடைத்ததெல்லாம் பிரதிக்குப் பிரதி மாறுபட்ட ஏடுகள். தமக்குச் சரியென்று பட்டதை நூலில் வைத்தார். மற்ற பாடங்களையும் குறித்து வைத்தார். பின்னால் வருகிறவர் பார்த்துச் சந்தேகப்படலாம், மறுக்கலாம். மூலமே கையில் இல்லாதவர் அத்தனை பாடுபட்டார். ஒரு கட்டளையில் மூலத்தை எடுத்துப் பார்க்க முடிகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை!

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் பல்லாவரம் உட்பட 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பத்து ஊருக்கும் தனித்தனியே ஒரு 1-வது வார்டு இருந்தது. அது கான்ஃப்ளிக்ட் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் மனிதர்கள் உட்கார்ந்து 70 வார்டுகளாகப் பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மோதல் எப்படியாவது தீர்ந்துவிடும்.

ஆகவே கான்ஃப்ளிக்ட் வந்தால் மூலப் பிரதியைத் திறந்து பாருங்கள், எதிர்ப்பக்கம் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வராவிட்டால் இன்னும் உஷாராக இருங்கள். கடையைத் திறப்பதற்கு முன் 100 ரூபாய்க்கு ஒரு பில் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?