ஓடுபாதை யாருக்காக?

பெங்களூருவில் ‘பழைய விமான நிலையச் சாலை’ என்றொரு சாலை உண்டு. பெயரைக் கேட்போர், அங்கிருந்த விமான நிலையம் மறைந்து போயிற்று என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. எச்.ஏ.எல். விமான நிலையத்தின் சுமார் 3,300 மீட்டர் நீள ஓடுபாதை இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. விமானப் படையின் விமானங்கள் அங்கே இறங்குகின்றன. எச்.ஏ.எல். நிறுவனம் தயாரிக்கும் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அங்கே சோதிக்கப்படுகின்றன. ஆட்சியாளர்களின் தனி விமானங்களும் பெருமுதலாளிகளின் வாடகை விமானங்களும் வந்து செல்கின்றன. பயணச்சீட்டு வாங்கிய சாதாரணப் பயணிக்கு மட்டும் 2008 மே 24 முதல் அங்கே இடமில்லை.

ஏன்? ஓடுபாதை போதாமையா? அதே ஓடுபாதையில்தான் அதற்கு முந்தைய நாள் வரை உள்நாட்டு, வெளிநாட்டு விமானங்கள் இறங்கின. காரணம் 2004 ஜூலையில் கையெழுத்தான சலுகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, தேவனஹள்ளியில் 74 விழுக்காடு தனியார் பங்குடன் புதிய நிலையம் அமைந்தது. அதன் வருவாய்க்குக் குறை வராதிருக்கப் பழைய நிலையத்தின் வணிகப் பயணிகள் சேவை நிறுத்தப்பட வேண்டும். மைசூர், ஹாசன் நீங்கலாக 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு பன்னாட்டு நிலையம் உருவாகக் கூடாது. இவையே நிபந்தனைகள்.

இதனை எதிர்த்து 2008 மார்ச்சில் விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நாடு தழுவிய போராட்டத்தில் இறங்கினர். தோழர் சீத்தாராம் யெச்சூரி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, பெங்களூரு, ஹைதராபாத் பழைய நிலையங்களும் தொடர்ந்து இயங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஊழியர்களின் போராட்டத்தையும் நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையையும் ஒப்பந்தத் தாள் வென்றது. ஒரு விமான நிலையத்தில் எந்த விமானம் இறங்கும் என்பதை ஓடுபாதையின் நீளம் தீர்மானிப்பதில்லை. யாரோடு யார் ஒப்பந்தம் செய்தார் என்பதே தீர்மானிக்கிறது.

இவ்வுண்மையை உலக அளவில் காட்டும் எடுத்துக்காட்டு, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஷானன் என்னும் சிறு நிலையம். அக்கால விமானங்களால் அட்லாண்டிக் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து நெடுந்தூரம் செல்ல இயலவில்லை. கடலின் இக்கரையில் ஷானனிலும் அக்கரையில் கனடாவின் கேண்டரிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக் கொண்டன. ஜெட் விமானங்கள் வந்த பின் அத்தேவை குறைந்தது. ஆனால் நீண்ட ஓடுபாதையும், எரிபொருள் வசதியும், நெரிசலற்ற வான்வெளியும், வருவாய்க்கான ஏக்கமும் எஞ்சி நின்றன. இராணுவத்துக்கு வேண்டியவை இவைதாம். 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் இலட்சக்கணக்கில் ஷானன் வழியே பறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்றது, வாடகைக்கு அமர்த்திய பயணிகள் விமானங்களில். அயர்லாந்து நேட்டோவில் உறுப்பு நாடன்று. நடுநிலை பேசும் நாடு. அந்நாட்டு அமைதி இயக்கத்தினர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும் அவ்வழி அடைபடவில்லை.

நம் நாடு இதற்கு விலக்கா? எச்.ஏ.எல். ஓடுபாதையே விடை கூறும். 1940இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943இல் அமெரிக்க இராணுவ விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்திய, பர்மியக் களங்களில் பறந்த அமெரிக்க விமானங்கள் இங்கே பழுது நீக்கப்பட்டன. அது பாசிசத்துக்கு எதிரான போர். அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்முடிவை எடுத்தது அந்நிய ஆட்சி. இந்திய மக்களை எவரும் கேட்கவில்லை.

விடுதலைக்குப் பின்? 1991 வளைகுடாப் போரின் போது, பிலிப்பைன்ஸ் திசையிலிருந்து சென்ற அமெரிக்க இராணுவப் போக்குவரத்து விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் சென்னை மீனம்பாக்கத்திலும் எரிபொருள் நிரப்பிக் கொண்டன. சந்திரசேகரின் சிறுபான்மை அரசு அனுமதித்தது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு மூண்டது. வெளியிலிருந்து ஆதரவளித்த காங்கிரசும் எதிர்க்கும் நிலை ஏற்பட்டது. பிப்ரவரியில் அனுமதி நிறுத்தப்பட்டது. தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இது: அன்று நிறுத்த முடிந்தது. காரணம், அது அரசின் தனி அனுமதியாக இருந்தது. நிலையான உடன்பாடாக இல்லை.

2016 ஆகஸ்ட் 29 அன்று அந்நிலை மாறியது. வாஷிங்டனில் மனோகர் பாரிக்கரும் ஆஷ்டன் கார்ட்டரும் கையெழுத்திட்டது ‘தளவாடப் பரிமாற்ற’ உடன்பாடு. பெயர் சாதுவானது, உணவு, குடிநீர், தங்குமிடம் என அதன் பட்டியலும் அவ்வாறே தொடங்குகிறது. எரிபொருள், உதிரிப்பாகம், பழுதுநீக்கம், துறைமுக, விமான நிலைய வசதி என அது நீள்கிறது. 2018இல் தகவல் தொடர்பு உடன்பாடும் 2020இல் புவியிடத் தகவல் உடன்பாடும் பின்தொடர்ந்தன. 2020 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் பி-8 கண்காணிப்பு விமானம் போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. அந்தமானின் சிறு விமான நிலையம் மலாக்கா நீரிணைக்குச் செல்லும் வழியில் நிற்கும் காவல் மேடை. அதன் மதிப்பு பயணிகளின் எண்ணிக்கையில் இல்லை.

‘இது இராணுவத் தளமன்று; இருதரப்புக்கும் பொதுவான வசதி; ஒவ்வொரு முறையும் அனுமதி தேவை’ என்கிறது ஒன்றிய அரசு. நம் கப்பல்களும் இதனால் பயனடையலாம் என்பது மெய்யே. ஆனால் கடல்கடந்து போர் தொடுக்கும் வல்லரசு ஒரு பக்கம். அத்தகைய போர் எதையும் நடத்தாத நாடு மறுபக்கம். வசதி இருவருக்கும் சமமென ஏட்டில் எழுதலாம். பயன்பாடு ஒருபோதும் சமமாகாது. பேரிடர் மீட்புக்கு வரும் விமானத்துக்கு அன்றைக்கே அனுமதி தரலாம். அதற்கு நிலையான உடன்பாடு எதற்கு?

நட்பின் இலட்சணத்தை அமிர்தசரசில் கண்டோம். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க இராணுவத்தின் சி-17 விமானம் 104 இந்தியர்களை அங்கே இறக்கியது. கைகால்களில் விலங்கிட்டு அவர்களைக் கொண்டு வந்திருந்தனர். அது தளவாட உடன்பாட்டின் கீழ் வந்த விமானமன்று, வேறு அனுமதி. ஆனால் மறுநாள் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர், விலங்கிடுதல் 2012 முதலான அமெரிக்க நடைமுறை என்று விளக்கமளித்தார். தன் மண்ணில், தன் குடிமக்களை விலங்குடன் கொண்டு வந்த அந்நிய இராணுவ விமானத்தைத் திருப்பி அனுப்பும் துணிவு இல்லாத அரசு, நாளை ஒரு போர் விமானத்துக்கு எரிபொருள் மறுக்கும் என எவ்வாறு நம்புவது?

நம் நாட்டில் பன்னாட்டு உடன்பாடுகளுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. தேவனஹள்ளி ஒப்பந்தத்திலும் வாஷிங்டன் உடன்பாட்டிலும் குறை ஒன்றே: ஓடுபாதை மக்களுடையது, முடிவு மக்களுடையதன்று. எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பாதுகாப்பு உடன்பாடுகள் நாடாளுமன்ற ஒப்புதலுக்கு உட்பட வேண்டும். எந்த அந்நிய இராணுவ விமானம் எங்கே, எதற்காக இறங்கியது என்ற விவரம் ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். பிற நாட்டின் மீது தொடுக்கப்படும் போருக்கு இந்திய மண்ணில் ஒரு சொட்டு எரிபொருளும் தரக்கூடாது. எச்.ஏ.எல். நிலையம் பொதுத்துறையின் கீழ் சாதாரணப் பயணிகளுக்கும் திறக்கப்பட வேண்டும்.

விமானத்தில் ஏறியிராத தொழிலாளிக்கு இதில் என்ன அக்கறை எனக் கிளைக் கூட்டங்களில் கேட்கக்கூடும். வளைகுடாவில் போர் மூண்டால் முதலில் வேலை இழந்து திரும்புபவர் அவருடைய மகன். எரிபொருள் விலை ஏறினால் முதலில் சுமப்பது அவருடைய அடுப்பு. 1991இல் மீனம்பாக்கத்தில் நிறுத்த முடிந்ததை அவருக்கு எடுத்துச் சொல்வோம். அன்று நிறுத்தியது மக்களின் குரல். இன்றும் அதுவே நிறுத்தும்.