எந்தப் பாட்டி?

மதுரை பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டல் ஒன்றின் விலைப்பட்டியல்தான் இந்த வார வயிற்றெரிச்சல். பாட்டி கைப்பக்குவக் குடல் குழம்பு, பாட்டி நாட்டுக்கோழி ரசம், பாட்டி விரால் வறுவல் என்று பக்கம் முழுக்கப் பாட்டி. பரிமாற வந்த பையனிடம், "எந்தப் பாட்டி தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டேன். "சும்மா பேருண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனான். குழம்பில் பட்டை வாசம் தூக்கி அடித்தது. எந்தப் பாட்டியும் அப்படி வைத்திருக்க மாட்டாள்.

இல்லாத பாட்டியை வைத்துச் சமையலை விற்பது நம்மவர் கண்டுபிடிப்பு இல்லை. 1826இல் ஸ்காட்லாந்தில் ஒரு சமையல் நூல் வந்தது. எழுதியவர் மெக் டாட்ஸ் என்ற சத்திரக்காரி என்று அட்டை சொன்னது. அப்படி ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. வால்டர் ஸ்காட் தன் நாவல் ஒன்றில் படைத்த வாய்த்துடுக்கான பாத்திரம் அவள். எழுதியவர் கிறிஸ்டியன் இசபெல் ஜான்ஸ்டன் என்ற பத்திரிகைக்காரர். புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. சத்திரக்காரிக்குப் பேர், ஜான்ஸ்டனுக்கு வேலை.

நூறு வருடம் கழித்து ஆர்க்னித் தீவில் பிறந்த மரியன் மெக்நீல் இதற்கு நேர் எதிராக ஒரு காரியம் செய்தார். 1929இல் வந்த அவருடைய 'த ஸ்காட்ஸ் கிச்சன்', பழைய நூல்களிலும் வீட்டு வழக்கிலும் கிடந்த சமையலைத் தொகுத்தது. எது எந்தப் பகுதிப் பண்டம், எந்தப் பண்டிகைக்கு எதைச் செய்வார்கள் என்பதும் அதில் உண்டு. அப்படி ஒரு ஸ்காட்லாந்துப் பண்டம்தான் ஹேகிஸ். ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் சேர்த்து, ஆட்டின் இரைப்பையிலேயே அடைத்து வேகவைப்பது. நம்மூர் நெல்பேட்டைக் கறிக்கடைக்காரர் கேட்டால் ஒன்றும் ஆச்சரியப்பட மாட்டார். அதற்கு ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் கவிதையே எழுதிவிட்டார். இன்றும் ஜனவரி 25 இரவில் அதைச் சொல்லித்தான் ஹேகிஸை வெட்டுகிறார்கள்.

நம் குடலுக்குக் கவிதை வேண்டாம். செய்முறையாவது ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோமா?

இந்த இடத்தில் மீனாட்சி அம்மாள் வந்துதான் ஆக வேண்டும். "மறுபடியுமா?" என்று வழக்கமான வாசகர்கள் முனகுவது கேட்கிறது. மறுபடியும்தான். இளம் வயதிலேயே கணவனை இழந்து சென்னையில் குடும்பத்தைத் தாங்கியவர் எஸ். மீனாட்சி அம்மாள். அவர் சமையலை ருசித்த சொந்தக்காரர்கள் இது எப்படி, அது எப்படி என்று ஓயாமல் கேட்டார்கள். ஒரேயடியாகப் புத்தகமாகவே போட்டுவிடு என்று தூண்டியவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. கல்யாணப் பெண்ணின் சீர்ப்பெட்டியில் அது இடம்பிடித்தது. கடல் கடந்தும் போனது. படியும் ஆழாக்கும் புழங்கிய காலத்து அளவுகளைப் பிற்பாடு குடும்பத்தாரே இன்றைக்கு ஏற்றபடி மாற்றிப் பதித்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அதன் அலட்டல் இல்லாமை. பக்கத்தில் நின்று ஒருத்தி சொல்லிக்கொடுக்கிற தோரணை. பக்குவம் தவறினால் பொறுப்பேற்க அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அது ஒரு பிராமண வீட்டு அடுப்படி. அதில் குடல் வேகாது, வேக வேண்டிய அவசியமும் இல்லை. அந்தம்மா தன் வீட்டை எழுதினார். மற்ற வீடுகளை எழுத வேண்டியது மற்றவர்கள்.

மதுரைக்காரர்கள் எழுதினோமா? வெளியூர்க்காரனிடம் நாம் பீற்றிக்கொள்ளும் ஜிகர்தண்டா, கறிதோசை, கொத்துப் பரோட்டா எல்லாமே கடைச் சரக்கு, பெரும்பாலும் ஆண்கள் கைவேலை. வீட்டுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? குடலைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுரண்டி, மஞ்சள் தேய்த்து நாற்றம் போக அலசும் நிதானம். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் வற்றும்போது கிடைக்கும் அயிரையை மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசும் கைத்திறன். பத்தியத்துக்கு வைக்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். சௌராஷ்டிர வீடுகளில் கல்யாணமுருங்கை இலையை அரைத்துச் செய்யும் பங்கரபான். இதெல்லாம் அத்தைகளோடும் அப்பத்தாக்களோடும் வந்து, அவர்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் காலியிடத்தில்தான் பேரில்லாத பாட்டிகள் கடை விரிக்கிறார்கள்.

"அளவு போட்டு எழுதினா கைமணம் போயிரும்" என்று என் சித்தியே வாதாடுவார். மீனாட்சி அம்மாள் எழுதியதால் யார் வீட்டு ரசம் கெட்டது? எழுதாவிட்டால் கைமணம் காப்பாற்றப்படும் என்பது, எழுதச் சோம்பல்படுகிற என்னைப் போன்ற ஆண்பிள்ளைகளுக்கு வசதியான தத்துவம்.

ஆகவே ஒரு ஏற்பாடு. அடுப்படியில் அம்மா, அத்தை, அப்பத்தா யார் நின்றாலும் பக்கத்தில் நில்லுங்கள். அவர் அள்ளிப் போடும் உப்பைத் தட்டில் கொட்டச் சொல்லி அளந்து பாருங்கள். எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம், எதைக் கண்டால் இறக்குவார் என்று குறியுங்கள். மேலே அவருடைய பேரையும் பிறந்த ஊரையும் பெரிதாக எழுதுங்கள். அனுப்பினால் இந்தப் பத்தியிலேயே போடுகிறேன். சால்னா வேண்டாம், அதைப் பற்றி நானே போதுமான அளவு எழுதித் திட்டு வாங்கிவிட்டேன்.